"பாஸ்வேர்டு மறந்து போச்சு" என்றால் போனை எடுப்பது யார்?
திருவண்ணாமலை வாலிபர்கள் குறி வைக்கும் புது வேலை

திருவண்ணாமலை:-
பட்டம் வாங்கிய கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறுவது இந்த ஊர் பிள்ளைகளுக்குப் பழகிப்போன விஷயம். 2024 மே முதல் சென்னை கடற்கரைக்கு ரெயிலும் ஓடுகிறது. அப்படிப் போகிறவர்களுக்கு முதல் படியாக இருப்பது "ஐ.டி. சப்போர்ட்" வேலை.

என்ன வேலை?

கம்பெனி ஊழியரின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் முதலில் போனை எடுப்பவர் இவர்தான். மெயில் வரவில்லை, பிரிண்டர் ஓடவில்லை என்று புகார் வரும். நம்பர் போட்டுப் பதிய வேண்டும். முடிந்ததைத் தீர்க்க வேண்டும். முடியாததை மேல் நிலைக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி ஷிப்டும் உண்டு.

மேகம் எங்கே?

முன்பு சர்வர் பக்கத்து அறையில் இருந்தது. இப்போது "கிளவுடு". பெயர்தான் மேகம். இருப்பதோ தரையில்! மைக்ரோசாப்ட் 2015-ல் சென்னை, புனே, மும்பையில் இதற்கான மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பையில் திறந்தது.

இதனால் எங்கோ இருப்பவரின் கணக்கை இங்கிருந்தே சரி செய்யலாம். சென்னையில்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் வானூர் அருகே மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூர், சேலத்திலும் வந்தது.

85 லட்சம் கம்ப்யூட்டர்

2024 ஜூலை 19-ந் தேதி ஒரு பாதுகாப்பு மென்பொருளில் கோளாறு. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாசை கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டி இருந்தது. அன்று கைகொடுத்தவர்கள் இந்த சப்போர்ட் ஆட்கள்தான்.

வேலை நிலைக்குமா?

இங்கேதான் சிக்கல். பாஸ்வேர்டு மாற்றுவதை இப்போது ஊழியரே செய்துகொள்ள முடிகிறது. சில கேள்விகளுக்கு மெஷினே பதில் சொல்கிறது. பாஸ்வேர்டோடு நின்றுவிட்டால் நாளைக்கு நாற்காலி ஆடும். நெட்வொர்க், லினக்ஸ், கிளவுடு என்று மேலே ஏறுபவர் பிழைப்பார்.

அடிப்படைப் பாடங்களை மைக்ரோசாப்டும் அமேசானும் இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டமும் 2022 முதல் நடக்கிறது. பதறாமல் பேசத் தெரிய வேண்டும், ஆங்கிலமும் வேண்டும்.

உஷார்!

2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழக வாலிபர்கள் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். மீட்டுக் கொண்டுவர அரசு தலையிட வேண்டியதாயிற்று. "பணம் கட்டு, வேலை ரெடி" என்று எவராவது சொன்னால், பெற்றோர் பர்சைத் திறக்கும் முன் கம்பெனியிடமே நேரில் விசாரிப்பது நல்லது.