பழைய காரில் கிலோமீட்டர் ஓடவில்லையா? மீட்டரை மாற்றினால் தப்பா? சட்டம் சொல்வது என்ன?

"வண்டி எவ்ளோ ஓடியிருக்கு?"

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். புதுச்சேரி – கடலூர் சாலையில் உள்ள கிருமாம்பாக்கமானாலும் சரி, சென்னையானாலும் சரி, விலை பேச்சு தொடங்குவது மீட்டரில் தெரியும் அந்த எண்ணிலிருந்துதான்.

அந்த மீட்டரே பழுதாகி நின்றுவிட்டால்? சரிசெய்தால் "மீட்டரைத் திருப்பிட்டாங்க" என்ற சந்தேகம் வரும். சரிசெய்யாமல் விட்டால் வண்டியின் உண்மையான ஓட்டம் யாருக்குமே தெரியாது. நேர்மையாக வண்டி வைத்திருப்பவர் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

மீட்டர் ஏன் நிற்கிறது?

ஓடிய தூரத்தைக் காட்டுவது ஓடோமீட்டர், வேகத்தைக் காட்டுவது ஸ்பீடோமீட்டர். பழைய கார்களில் கியர் பாக்ஸிலிருந்து டேஷ்போர்டு வரை வரும் ஒரே கேபிள்தான் இரண்டையும் இயக்கும். எனவே பழுது எங்கே என்பதை ஓரளவு நாமே ஊகிக்கலாம்.

* வேக முள்ளும் ஆடவில்லை, கிலோமீட்டரும் ஏறவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கியர் பாக்ஸ் பக்கம் உள்ள சிறிய பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.
* முள் சரியாக வேலை செய்கிறது, எண் மட்டும் நகரவில்லை என்றால் மீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.
* டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டிகளில் கேபிளுக்குப் பதில் ஸ்பீடு சென்சார் இருக்கும். சென்சார், அதன் வயர், மீட்டர் போர்டில் விட்டுப்போன சால்டரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டிஜிட்டல் மீட்டரில் ஓடிய தூரம் ஒரு சின்ன மெமரி சிப்பில் பதிவாகியிருக்கும். கேபிளையோ சென்சாரையோ மாற்றினால் பழைய எண் அப்படியே இருக்கும். ஆனால் மீட்டர் போர்டையே கழற்றி வேறு வண்டியின் பழைய மீட்டரைப் பொருத்தினால், அந்த வண்டி ஓடிய தூரம் உங்கள் காரில் தெரியும். நல்ல எண்ணத்தில் செய்த ரிப்பேர் மோசடி போலத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

மீட்டர் பழுதாகாமலேயே கணக்கு தப்புவதும் உண்டு. உதாரணமாக, 155/70 ஆர்13 அளவு டயருக்குப் பதிலாக 165/70 ஆர்13 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் இரண்டரை சதவீதம் கூடும். 10,000 கி.மீ. ஓடினால் மீட்டர் சுமார் 250 கி.மீ. குறைவாகக் காட்டும்.

ஓடாத மீட்டரோடு ஓட்டினால் என்ன?

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 117-வது விதிப்படி வண்டியில் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும். கேபிள் அறுந்த பழைய காரில் கிலோமீட்டரோடு அதுவும் சேர்ந்து நின்றுவிடுகிறது.

பராமரிப்பும் குழம்பும். இன்ஜின் ஆயில், டைமிங் பெல்ட் எல்லாம் கிலோமீட்டர் கணக்கில் மாற்றப்படுபவை. பெல்ட் மாற்ற வேண்டிய நேரம் தெரியாமல் போய், ஓடும்போது அது அறுந்தால், பல வண்டிகளில் இன்ஜினே சேதமாகும். மீட்டர் சரியாகும் வரை மாதக் கணக்கை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மூன்றாவது இன்சூரன்ஸ். ஓட்டும் தூரத்துக்கு ஏற்ப பிரீமியம் செலுத்தும் வசதிக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. அந்த வகை பாலிசியில் மீட்டர் ரீடிங்தான் அடிப்படை. மீட்டர் நின்றதையும் மாற்றியதையும் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழுதான மீட்டரைச் சரிசெய்வது குற்றமல்ல. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றி விற்பதுதான் குற்றம். ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரிப்பேர் செய்ததை எங்கே பதிவு செய்வது? ஆர்.சி.யில் கிலோமீட்டருக்கு இடமே கிடையாது. பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் படிவம் 29, 30-லும் அதை எழுதும் கட்டம் இல்லை.

அமெரிக்காவில் 1972-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ரிப்பேருக்குப் பிறகு பழைய ரீடிங்கைக் கொண்டுவர முடியாவிட்டால், மீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பழைய ரீடிங்கையும் தேதியையும் எழுதி இடதுபக்கக் கதவின் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அப்படியிருந்தும் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் பொய் ரீடிங்கோடு விற்கப்படுவதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிடுகிறது. பெல்ஜியத்தில் பழைய கார் விற்கும்போது, அதுவரை பதிவான ரீடிங்குகள் அடங்கிய 'கார்-பாஸ்' சான்றிதழைக் கொடுக்க வேண்டும். 2006 முதல் இது நடைமுறையில் உள்ளது.

இந்தியாவில் பழைய கார் டீலர்களுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. டீலரிடம் இருக்கும் காலத்தில் வண்டி எதற்காக, யார் ஓட்டி, எவ்வளவு தூரம் போனது என்பதை மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் வண்டி டீலரிடம் வருவதற்கு முந்தைய ஓட்டத்துக்கு இது பதில் சொல்லாது. ஆக, உரிமையாளர் கையில் இருக்கும் பில்தான் இன்றைக்கு முக்கியமான ஆதாரம்.

மீட்டரைச் சரிசெய்யும் முன் என்ன செய்ய வேண்டும்?

1. பழைய மீட்டரில் நிற்கும் எண்ணை, தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். பின்னால் நம்பர் பிளேட்டும் தெரியும்படி ஒரு போட்டோ.
2. கேபிள் அல்லது சென்சார் மாற்றினாலே சரியாகுமா என்று முதலில் கேளுங்கள். மீட்டர் போர்டை மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும்.
3. போர்டு மாற்றினால், பழைய ரீடிங், புதிய ரீடிங், தேதி, வண்டி எண் நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். "பில்லா, எதுக்குங்க?" என்று மெக்கானிக் கேட்டாலும் விடாதீர்கள்.
4. பழைய ரீடிங்கையே புதிய மீட்டரில் ஏற்ற முடியுமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.
5. மீட்டர் எத்தனை மாதம் நின்றிருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். விற்கும்போது அதை மறைக்க வேண்டாம்.
6. வேலை முடிந்ததும் புதுச்சேரி – கடலூர் சாலை போன்ற நேர்ச்சாலையில் 10 கி.மீ. ஓட்டி, மொபைல் ஜி.பி.எஸ். காட்டும் தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டரை மட்டும் நம்பாமல், கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். அந்த எண் ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் இறங்கினால் காரணம் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 2016 மாடல் வண்டி 22,000 கி.மீ.தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் 2021-ல் தயாரானவை என்றால், முதல் டயர்கள் அதற்குள் எப்படித் தேய்ந்தன என்று கேட்கலாம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட் ஆகியவற்றின் தேய்மானமும் பேசும். சில வண்டிகளில் மீட்டர் தவிர வேறு கம்ப்யூட்டர் யூனிட்களிலும் தூரம் பதிவாகியிருக்கும். அதை ஸ்கேனரில் பார்க்கலாம்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

டீலரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கைகொடுக்கும். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது இதில் முக்கியமானது. கிருமாம்பாக்கத்துக்காரர் எல்லை தாண்டி கடலூரிலோ, சென்னையிலோ கார் வாங்கியிருந்தாலும் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

தெரிந்தவரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி பொதுவாகக் கிடைக்காது. சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஏமாற்றும் நோக்கம் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் தரலாம். அதனால்தான், விற்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து எழுதி வாங்குவது நல்லது: இன்றைய ரீடிங் இவ்வளவு, மீட்டர் மாற்றப்பட்டது அல்லது மாற்றப்படவில்லை. நேர்மையாக விற்பவருக்கும் அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.