அபராதம் என்று சொன்னது யார்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் வீடுகளுக்கு வரும் அலுவல் கடிதங்களின் கதையும் அதுதான். கண்ணாடித் தாள் ஒட்டிய உறை, மேலே ஒரு சின்னம், உள்ளே தடித்த எழுத்தில் ஒரு தொகை, கீழே ஒரு கெடு தேதி. இவை இருந்தால் போதும், அது அரசாங்கக் கடிதம், கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒன்று, அன்றே பணத்தைக் கட்டுகிறோம். இல்லையென்றால், அலமாரியில் சொருகி வைத்துவிட்டு மறந்துபோகிறோம். கடிதத்தை முழுமையாகப் படித்துப் பதில் எழுதலாம் என்ற எண்ணம் நமக்கு எளிதில் வருவதில்லை.

இந்த மலரில் மொழியையும் இலக்கியத்தையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் கார் நிறுத்தும் விவகாரத்தை எழுத எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சட்டம் பயிலும் நான் சென்ற ஆண்டு ஒரு தவணையை இங்கிலாந்தில் பரிமாற்ற மாணவனாகக் கழித்தேன். நம் மாணவர்கள் பலர் இரட்டைப் பட்டத் திட்டங்களின்வழி அங்கே செல்கிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்குகிறார்கள். கார் ஒருவர் பெயரில் இருக்கும், ஓட்டுபவர்கள் எல்லாரும். கடிதம் மட்டும் பெயர் உள்ளவருக்கு வரும். அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று எழுத்து, இரண்டு பொருள்

இங்கிலாந்தில் நகராண்மைக் கழகம் கொடுக்கும் வாகன நிறுத்த அறிவிப்புக்குப் 'பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்' என்று பெயர். அது சட்டத்தின் அடிப்படையில் விதிக்கப்படும் தண்டம். பேரங்காடியின் நிறுத்துமிடத்தை நடத்தும் தனியார் நிறுவனம் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. சுருக்கி எழுதினால் இரண்டுமே பி.சி.என். தான். உறையும் எழுத்தும் நிறமும்கூட ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டாவது அபராதமே அன்று. எங்கள் பலகையில் எழுதியுள்ள நிபந்தனையை மீறிவிட்டீர்கள், ஆகவே இவ்வளவு தாருங்கள் என்று ஒரு வணிகர் கேட்கும் கோரிக்கை அது. கேட்பது அவர் உரிமை. ஏன் என்று திருப்பிக் கேட்பது நம் உரிமை. நாம் இரண்டையும் 'சம்மன்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். சொல் குழம்பினால் சிந்தனையும் குழம்பும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பாடத்தை நினைவுகூர்வோம். பலகையைப் பார்த்தபின் காரை நிறுத்துபவர் ஓட்டுநர். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால் அது ஓட்டுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. வீட்டில் இருந்த கார்க்காரர் எந்தப் பலகையையும் பார்க்கவில்லை, எதற்கும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. பிறகு அவரிடம் எப்படிப் பணம் கேட்கிறார்கள்?

விடை 2012ஆம் ஆண்டின் 'புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ்' சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்னர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் தொழில் கொடிகட்டிப் பறந்தது. அந்தச் சட்டம் அதற்குத் தடை விதித்தது. பதிலுக்கு, அதன் நான்காம் அட்டவணையில் நிறுவனங்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. ஓட்டுநர் யாரென்று தெரியாவிட்டால் வாகனத்தின் 'கீப்பர்', அதாவது அதைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், அந்தத் தொகைக்குப் பொறுப்பாகலாம். வாகனப் பதிவில் பெயர் உள்ளவரையே கீப்பர் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இந்தச் சலுகை நிபந்தனைகளோடு வந்தது. நிபந்தனைகளை நிறைவேற்றாத நிறுவனம் கீப்பரை நெருங்க முடியாது; ஓட்டுநரைத்தான் தேடிப் போக வேண்டும்.

நாள்கணக்கு முக்கியம்

கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல், கேமரா படத்தை மட்டும் வைத்து அஞ்சலில் அனுப்பும் அறிவிப்பு, கார் நிறுத்தப்பட்ட நாளுக்கு மறுநாள் தொடங்கி 14 நாள்களுக்குள் கீப்பரின் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். அஞ்சலில் சேர்த்தபின் இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகச் சட்டம் கருதும். கண்ணாடியில் ஏற்கெனவே அறிவிப்பு வைத்திருந்தால் கணக்கு வேறு. 28 நாள்கள் கழிந்த பிறகு, 56ஆம் நாளுக்குள் கீப்பருக்குக் கடிதம் வர வேண்டும். கடிதத்தில் எந்த வாகனம், எந்த இடம், எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டது என்பன இருக்க வேண்டும். 28 நாள்களில் பணமும் வராமல், ஓட்டுநரின் பெயர் முகவரியும் தெரியாமல் போனால் கீப்பரிடம் வசூலிக்க உரிமை வரும் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். நிலமும் தகுந்த நிலமாக இருக்க வேண்டும். பொதுச் சாலைக்கும், துணைவிதிகளால் ஆளப்படும் இரயில் நிலைய, விமான நிலைய நிலங்களுக்கும் நான்காம் அட்டவணை பொருந்தாது.

என் அத்தை 1970களில் தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர். கார் அவர் பெயரில் இருக்கிறது. அவரும் ஓட்டுவார், மகனும் ஓட்டுவார், மருமகளும் ஓட்டுவார். நான் அங்கிருந்தபோது ஒரு நிறுவனத்திடமிருந்து 100 பவுண்டு கேட்டுக் கடிதம் வந்தது. 14 நாளில் கட்டினால் 60 பவுண்டு. அத்தை சொன்னது ஒரே வரி: "கட்டிட்டா நிம்மதி ஐயா, நமக்கு எதுக்கு வம்பு." அவர் மகனோ உடனே பேனாவை எடுத்தார். அன்று ஓட்டியது இன்னார், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அதனால் தாமதம் என்று மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கினார். அந்த ஒரு வரி போதும், கீப்பருக்குச் சட்டம் கொடுத்த காப்பு அத்தனையும் போய்விடும். நிறுவனத்துக்குத் தெரியாத ஓட்டுநரை நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

நான் தேதிகளை மட்டும் பார்த்தேன். கார் நிறுத்தப்பட்டது மார்ச் 3. கண்ணாடியில் எதுவும் வைக்கவில்லை. 14 நாள் மார்ச் 17இல் முடிகிறது. கடிதத்தின் தேதியே மார்ச் 20. அத்தையின் பெயரில் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதினோம். நான் இந்த வாகனத்தின் கீப்பர். உங்கள் அறிவிப்பு உரிய காலத்துக்குள் வரவில்லை. ஆகவே நான்காம் அட்டவணையின்கீழ் என்னிடம் கோர உங்களுக்கு உரிமை இல்லை. ஓட்டுநர் யார் என்று சொல்லும் கடமை எனக்கு இல்லை. அவ்வளவுதான். நிறுவனம் மறுத்துவிட்டு, மேல்முறையீட்டு எண் ஒன்றைக் கொடுத்தது. அது 'போப்லா' என்ற இலவச மேல்முறையீட்டு அமைப்புக்கான எண். மறுப்பு வந்து 28 நாள்களுக்குள் அங்கே முறையிடலாம். அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. அதே கடிதத்தைச் சான்றுகளோடு அங்கே அனுப்பினோம். நிறுவனம் வாதாட வரவில்லை. கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இது குறுக்கு வழியா?

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். காரை நிறுத்தியது உண்மைதானே, தேதியைக் காட்டித் தப்பிப்பது நேர்மையா என்று கேட்டார். நல்ல கேள்வி. தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

ஒரு தனியார் நிறுவனம் அரசாங்கத்தின் வாகனப் பதிவகத்திடம் ஒரு பதிவுக்கு 2 பவுண்டு 50 காசு கட்டி நம் பெயரையும் முகவரியையும் வாங்க முடிகிறது. எந்த ஒப்பந்தமும் செய்யாத மனிதரிடம் பணமும் கேட்க முடிகிறது. வேறு எந்தக் கடைக்காரருக்கும் இந்த வசதி இல்லை. இத்தனை பெரிய அதிகாரத்தைக் கொடுத்த சட்டம், 14 நாளில் சொல்லுங்கள், தெளிவாகச் சொல்லுங்கள் என்று மட்டுமே கேட்கிறது. காலம் கடந்து வரும் கடிதத்தால் கீப்பருக்கு அன்று யார் ஓட்டினார், எதற்காகப் போனார் என்பதே மறந்துவிடும். கெடு தேதியை நம்மிடம் கறாராகக் கேட்பவர்கள் தம் கெடுவையும் மதிக்கட்டும். இதில் நேர்மைக் குறைவு எங்கே இருக்கிறது?

ஆனால் ஓர் எல்லைக்கோடு உண்டு. நானே ஓட்டிவிட்டு 'நான் ஓட்டவில்லை' என்று எழுதுவது பொய். அதை நான் ஒருபோதும் சொல்லித்தர மாட்டேன். ஓட்டுநர் யாரென்று சொல்லாமல் இருப்பது வேறு. போலீஸ் கேட்டால் அங்கே 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவின்படி சொல்லியே ஆக வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. கீப்பர்தான் ஓட்டியிருப்பார் என்று தானாக முடிவு செய்துவிட முடியாது என்பதை 2023இல் அங்கே ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பும் உறுதி செய்தது.

அதுபோல, பலகை தெளிவாக இருந்து, ஓட்டியது நாம்தான் என்பதும் தெளிவாக இருந்து, தொகையும் நியாயமாக இருந்தால் கட்டிவிடுவதே முறை. செம்ஸ்ஃபோர்ட் நகரில் இரண்டு மணி நேர இலவச நிறுத்துமிடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திய ஒருவர், 85 பவுண்டு கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 'பார்க்கிங் ஐ எதிர் பீவிஸ்' என்ற அந்த வழக்கில் 2015இல் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நிறுத்துமிடத்தில் வாகனங்கள் வந்து போய்க்கொண்டிருப்பதை உறுதி செய்ய நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை உண்டு. அதற்கு 85 பவுண்டு மிகையாகாது என்றார்கள். அவர் கீப்பராக மட்டும் இல்லை, ஓட்டுநரும் அவரே. அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

குப்பைத் தொட்டி விடையாகாது

மாணவர் விடுதிகளில் இன்றும் உலவும் ஓர் அறிவுரை உண்டு: "தனியார் கடிதம்தானே, தூக்கிப் போடு." 2012க்கு முன் இது ஓரளவு எடுபட்டிருக்கலாம். இன்று ஆபத்தானது. நிறுவனங்கள் கௌண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடுகின்றன. பதில் தராவிட்டால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பாகிவிடும். ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு ஆண்டுகள் பதிவில் நிற்கும். கைத்தொலைபேசி ஒப்பந்தம் முதல் வாடகை வீடு வரை எல்லாவற்றுக்கும் தடையாக வரும். மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு வீடு மாறுகிறார்கள். வாகனப் பதிவில் முகவரியை மாற்றாதவருக்குக் கடிதமே கிடைக்காது, தீர்ப்பு மட்டும் கிடைக்கும். ஆகவே முகவரியை உடனே மாற்றுங்கள். வரும் கடிதங்களை உறையோடு சேர்த்து வையுங்கள். பின்னால் வசூல் நிறுவனம் தொகையை ஏற்றிச் சிவப்பு எழுத்தில் மிரட்டினால், நான்காம் அட்டவணைப்படி கீப்பரிடம் கேட்கக்கூடியது முதல் அறிவிப்பில் எழுதிய தொகைதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் நாட்டில்

இந்த விதிகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் அடுக்குமாடிகளில் சக்கரப் பூட்டு இன்னும் உண்டு. ஸ்ட்ராத்தா நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், தவறான இடத்தில் நிறுத்திய காரைப் பூட்ட நிர்வாகத்துக்கு இடம் தருகின்றன. ஆனால் விடுவிக்க 200 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கக் கூடாது என்கின்றன. இந்த 200 என்ற எண் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பூட்டியவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்? போலீஸ் சம்மன் வந்தால் ஓட்டுநர் யாரென்று சொல்லும் கடமை இங்கும் கார் உரிமையாளருக்கு உண்டு.

செம்ஸ்ஃபோர்ட் வழக்கு மட்டும் கடல் கடந்து வந்துவிட்டது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்பே எழுதிவைத்த தொகையைக் கேட்பவர், தமக்கு ஏற்பட்ட நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று 1995இல் நம் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருந்தது. தமிழ்ப் பெயர்கள் இரண்டைத் தாங்கிய வழக்கு அது. சட்ட மாணவர்கள் அறிவார்கள். 2018இல் 'கியூபிக் எலக்ட்ரானிக்ஸ்' வழக்கில் அதே நீதிமன்றம் பீவிஸ் வழக்கின் சிந்தனையை ஏற்றுக்கொண்டது. இப்போது அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்டும் சுமை ஒப்பந்தத்தை மீறியவர்மேல் விழுகிறது. அதாவது, கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டிய தேவை நமக்கு இன்னும் கூடியிருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதப் பழகினோம். அனுப்புநர், பெறுநர், ஐயா, கரு என்று வரிசை தவறாமல் எழுதினோம். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் எழுதினோம், ஆங்கிலத்திலும் எழுதினோம். மூன்று மொழியில் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் உள்ள வீட்டில், அப்பாவின் பெயருக்கு வந்த கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் பிரிக்காமல் கிடக்கலாமா? நம் கழகம் பட்டிமன்றமும் நாடகமும் சிறப்பாக நடத்துகிறது. அவற்றோடு ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, உறுப்பினர்கள் தத்தம் வீட்டுக் கடிதங்களைக் கொண்டுவரட்டும். சட்டம் படிப்பவர்களும் கணக்கியல் படிப்பவர்களும் மேசை போட்டு உட்காரட்டும். வந்த கடிதத்தை யார் அனுப்பியது, எந்த அதிகாரத்தில் கேட்கிறார், எத்தனை நாள் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, அன்றே பதில் எழுதி அஞ்சலில் சேர்ப்போம். அடுத்த செயலவை இதைத் தன் திட்டத்தில் சேர்க்குமானால், முதல் மேசையில் உட்கார நான் தயார்.