செக்குக்கு முன்னால் பேஸைப் பாருங்கள்

மதிப்புக்கூட்டல் என்று பேசாத உழவர் கூட்டம் இன்று இல்லை. கடலையாக விற்காதீர்கள், எண்ணெயாக விற்றுக் காசு பாருங்கள் என்கிறோம். நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் “உங்க தோட்டத்துல மூணு பேஸ் இருக்குதுங்களா?” என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் பட்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வங்கியில் இருந்த காலத்தில் மாவு மில்லுக்கும் செக்குக்கும் எத்தனையோ கடன் கொடுத்தேன். கொட்டேஷன், மார்ஜின் தொகை, ஜாமீன் எல்லாம் சரிபார்த்தேன். மெஷினை ஓட்ட என்ன கரண்ட் இருக்கிறது என்று ஒரு ஃபைலிலும் கேட்டதில்லை. சும்மா கிடந்த மெஷின்களுக்குத் தவணை தவறியபோது கடன்காரரைத்தான் குறை சொன்னேன். ஓய்வு பெற்று, காங்கேயம் பக்கம் எங்கள் பூர்வீகத் தோட்டத்தில் மரச்செக்கு போட்டபோதுதான் எனக்கே பாடம் கிடைத்தது. செக்கோடு வந்தது 3 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார்.

கிணற்றுக்கு மூன்று பேஸ் இருக்கிறதே, அதில் ஓட்டினால் என்ன? இலவச மின்சாரம் நீர் இறைக்கக் கொடுத்தது. அதில் வியாபாரத்துக்குச் செக்கு ஓட்டினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம் ஆகிவிடும். உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். போராடி வாங்கிய சலுகைக்கு நாமே கெட்ட பெயர் வாங்கித் தரக்கூடாது. அதனால் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்தேன். செக்குக் கொட்டகை ஓரமாகப் போவது சிங்கிள் பேஸ் லைன். மூன்று பேஸ் வேண்டுமென்றால் கம்பம் நட்டு லைன் இழுக்க வேண்டும். அந்த எஸ்டிமேட் செக்கின் விலையையே தாண்டியது. சரி, சிங்கிள் பேஸே வாங்கி, கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

“கண்டன்சர் பெட்டி போதுமுங்க சார், ஊர்க் கெணத்துல எல்லாம் அதுலதான ஓடுது?” என்றார் ஒயர்மேன் தம்பி. விலை குறைவு, போட்டோம், ஓடியது. மூன்றாவது வாரம், உரலில் பாதி அரைபட்ட எள்ளு இருக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்ததும் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. அணைப்பதற்குள் காயில் கருகிவிட்டது. காயில் கட்டிப் போட்டேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை.

காயில் கட்டுகிறவர்தான் விளக்கினார். “கெணத்து மோட்டார் கெளம்பறப்ப சும்மா சுத்தும்ங்க, வேகம் ஏற ஏறத்தான் பளு ஏறும். செக்கு அப்படி இல்லீங்க. மொத சுத்துலயே முழுப் பளுவும் நிக்கும்.” கண்டன்சர் தரும் மூன்றாவது பேஸ் ஒரே ஒரு பளுவுக்குத்தான் ஓரளவு சமமாக இருக்கும், பளு மாறினால் சமநிலை போய்விடும். வோல்டேஜில் 1 சதவீதம் ஏற்றத்தாழ்வு வந்தால் கரண்டில் அதைப்போல 6 முதல் 10 மடங்கு வரை ஏற்றத்தாழ்வு வரும். அது சூடாகக் காயிலில் இறங்கும். இப்படி ஓடும் மோட்டாரிடம் மூன்றில் இரண்டு பங்கு சக்தியைத்தான் நம்பலாம்.

இப்போது என் செக்கு ட்ரைவில் ஓடுகிறது. விஎஃப்டி என்பார்கள். சிங்கிள் பேஸை வாங்கிச் சமமான மூன்று பேஸாகக் கொடுக்கும், மெதுவாகக் கிளப்பும். ஆனால் கடைக்குப் போகுமுன் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். 230 வோல்ட் வாங்கும் சாதாரண ட்ரைவ் 230 வோல்ட்தான் வெளியே தரும். நம் ஊரில் 3 எச்.பி. வரையுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியவை. டெல்டாவாக மாற்றினால் 230இல் ஓடும். 5 எச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415க்கே டெல்டா. அதற்கு இந்த ட்ரைவ் உதவாது.

ஒயரும் பார்க்க வேண்டும். மூன்று பேஸில் லைனுக்குச் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும் 3 எச்.பி. மோட்டார், ட்ரைவ் வழியாகச் சிங்கிள் பேஸில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்குப் போட்ட ஒயர் தாங்காது. ட்ரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்டார்ட்டரோ சுவிட்சோ வைக்காதீர்கள். வேகத்தை ரொம்பக் குறைத்தும் ஓட்டாதீர்கள். மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு தணியாது.

செக்கு, பல்வரைசர், சல்லடை என்று நாலைந்து மோட்டார் வைத்திருக்கும் குழுவுக்கு ரோட்டரி கன்வெர்ட்டர் பொருந்தும். ஒரு மூன்று பேஸ் மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டு, அதிலிருந்து மூன்றாவது பேஸ் எடுப்பது அது. சும்மா சுற்றும் மோட்டார், இருப்பதில் பெரிய மோட்டாரைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். செக்கு மாதிரி கனமாகக் கிளம்புவதற்கு ஒன்றரை மடங்கு. வேலை இல்லாத நேரத்திலும் அது கரண்ட் தின்னும். சிங்கிள் பேஸ் இணைப்பு இவ்வளவையும் தாங்குமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கிக்காரன் புத்தியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்டன்சர் பெட்டி, இரண்டு தடவை காயில் கூலி, செக்கு நின்ற நாட்கள், காத்திருந்து வேறு இடம் போன வாடிக்கையாளர்கள். எல்லாம் சேர்த்தால் முதல் நாளே ட்ரைவ் வாங்கியிருப்பது மலிவு. விலைச்சீட்டு மூன்று வாங்குங்கள். பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், கன்வெர்ட்டர் ஒரு ஊன்றுகோல்தான் என்பது என் கருத்து. நகரத்துத் தொழிற்பேட்டையில் வாசலிலேயே மூன்று பேஸ் நிற்கிறது. விளைவிக்கிறவன் அரைத்து விற்க நினைத்தால் மட்டும் கம்பத்துக்கும் கம்பிக்கும் தன் கைக்காசைக் கொட்ட வேண்டுமா? உழவர் குழுக்கள் பதப்படுத்தும் இடங்களுக்கு அரசு செலவில் மூன்று பேஸ் லைன் வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இயந்திரக் கடன் கொடுக்கும் வங்கிகளும் விண்ணப்பத்தில் மின் இணைப்பு விவரத்தைக் கேட்கட்டும். நான் கேட்காமல் விட்டதால் நஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் யாராவது செக்கு போடப் போகிறேன் என்று எழுந்தால், கை தட்டுவதற்கு முன் பேஸைக் கேளுங்கள்.