40 சென்டிமீட்டர் ஹேண்டில்பார்: பெண் சைக்கிளோட்டிகள் ஏன் கொதிக்கிறார்கள்?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? இருக்கையை ஏற்றி இறக்கிப் பார்ப்பீர்கள். கால் எட்டினால் போதும், கிளம்பிடலாம்.

ஹேண்டில்பார் எவ்வளவு அகலம் என்று யாரும் பார்ப்பதில்லை. அரை மணி நேரம் ஓட்டுவதற்கு அது தேவையும் இல்லை. ஆனால் சைக்கிள் ஓட்டுவதே வேலை என்றால் கதை வேறு. நாள்தோறும் பல மணி நேரம் கைகளை அளவுக்கு மேல் விரித்துப் பிடித்தால் கழுத்து வலிக்கும், தோள் இறுகும், விரல்கள் மரத்துப்போகும். ஹேண்டில்பார் ஓட்டுபவரின் தோள் அகலத்தை ஒட்டி இருக்கவேண்டும் என்பது சைக்கிள் கடைகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் இப்போது சிக்கல்.

விதி என்ன சொல்கிறது?

யூசிஐ எனப்படும் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2025 ஜூன் மாதம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் சாலைப் பந்தயங்களில் ஹேண்டில்பாரின் அகலம், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை, குறைந்தது 40 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். இரண்டு பிரேக் பிடிகளுக்கும் இடையே உள்பக்கமாக குறைந்தது 32 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

ஆண்கள் பந்தயமா, பெண்கள் பந்தயமா என்ற பேச்சே இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவு.

விதி வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கைகளை ஒடுக்கி வைத்தால் காற்று குறைவாக மோதும், வேகம் கூடும். அதற்காகச் சிலர் ஹேண்டில்பாரை மேலும் மேலும் குறுக்கிக்கொண்டே போனார்கள். பிரேக் பிடிகளை உள்பக்கமாகத் திருப்பிப் பொருத்தும் வழக்கமும் பரவியது. அதற்கு யூசிஐ 2024இல் கட்டுப்பாடு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் கூட்டத்தில், குறுகலான ஹேண்டில்பாரில் சைக்கிளைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பது யூசிஐயின் வாதம். அந்தக் கவலை நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது.

அப்புறம் ஏன் எதிர்ப்பு?

"குறுகல்" என்பது யாருக்குக் குறுகல்? அங்கேதான் இடிக்கிறது.

கடையில் 36 என்று எண் போட்டு விற்கும் ஹேண்டில்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது குழாயின் மையத்திலிருந்து மையம்வரை எடுத்த அளவு. வெளி விளிம்புவரை அளந்தால் சுமார் 38.5 சென்டிமீட்டர் வரும். 185 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் அதைப் பொருத்தினால், காற்றை ஏமாற்றப் பார்க்கிறார் என்று சொல்லலாம். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் பொருத்தினால்? அவருக்கு அதுதான் சரியான அளவு. அவ்வளவுதான்.

முதலாமவரைத் தடுக்கப் போட்ட விதி இரண்டாமவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. பொருந்தாத சைக்கிளில் பிரேக்கை எட்டிப் பிடிப்பதும் வளைவில் திருப்புவதும் சிரமம். பாதுகாப்புக்காக வந்த விதி சின்ன உடல்வாகு உள்ளவருக்குப் பாதுகாப்பைக் குறைத்தால் எப்படி? பெண் சைக்கிளோட்டிகள் கேட்டது இதைத்தான். அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் சைக்கிளிஸ்ட்ஸ் அலையன்ஸ் சங்கமும் எதிர்ப்புத் தெரிவித்தது.

உடலுக்கேற்ப விதி எழுத யூசிஐக்குத் தெரியாதா என்றால், நல்லாவே தெரியும். காலுறையைப் பாருங்கள். (ஆமாம், காலுறைக்கும் விதி உண்டு!) கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே பாதித் தூரத்துக்கு மேல் காலுறை ஏறக்கூடாது. அதாவது, அவரவர் கால் நீளம்தான் அளவுகோல். காலுறைக்குக் கிடைத்த சலுகை தோளுக்குக் கிடைக்கவில்லை.

நேரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டும் பந்தயங்களுக்கு 2023இல் வந்த விதி இன்னும் சுவாரஸ்யம். கைகளை நீட்டிப் பிடிக்கும் கம்பியின் அளவை உயரத்துக்கு ஏற்ப மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்: 180 சென்டிமீட்டருக்குக் கீழ், 180 முதல் 190 வரை, அதற்கு மேல். உயரமானவர்களுக்கு இரண்டு பிரிவு. 155 சென்டிமீட்டர் பெண்ணும் 179 சென்டிமீட்டர் ஆணும் ஒரே பிரிவில்! விதியை எழுதும்போது மனக்கண்ணில் யார் நின்றிருப்பார் என்று உங்களுக்கே புரியும்.

எடை விஷயமும் அப்படித்தான். பந்தய சைக்கிள் 6.8 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது என்ற விதி 2000இலிருந்து இருக்கிறது. 75 கிலோ எடையுள்ளவருக்கு அது உடல் எடையில் 9 விழுக்காடு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 13.6 விழுக்காடு. மலையேறும்போது அந்த வித்தியாசத்தைக் கால்கள்தான் சுமக்கவேண்டும்.

சரி, ஒவ்வொருவரின் தோளையும் பந்தயத்துக்கு முன் அளக்க முடியுமா என்று கேட்டால், கஷ்டம்தான். நடுவர்களுக்கு ஓர் எண் இருந்தால் வேலை சுலபம். ஆனால் பெண்கள் பந்தயத்துக்கென்று வேறோர் எண் வைக்க நாடா பிடித்து அளக்கவேண்டியதில்லையே.

பிறகு என்ன ஆனது?

யூசிஐ கொஞ்சம் இறங்கிவந்தது. பிரேக் பிடிகளுக்கு இடையிலான 32 சென்டிமீட்டரை 28ஆகக் குறைத்தது. 40 மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே மேலே குறுகலாகவும் கீழே விரிந்தும் இருக்கும் ஹேண்டில்பார் செல்லும். மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கும் அந்த 36 செல்லாது. பிரேக் பிடிமேல் கை வைத்து ஓட்டும் நேரத்துக்கு இது நல்ல தீர்வு. இறக்கத்திலும் கடைசிப் பாய்ச்சலிலும் கை கீழ்ப்பகுதிக்குப் போகும். அங்கே சின்னத் தோள்களுக்குப் பழைய பிரச்சினை மிச்சம் இருக்கிறது.

ஹேண்டில்பார் மாற்றும் செலவு யாருக்கு என்பதையும் கவனிக்கவேண்டும். பெரிய அணிகளுக்கு விளம்பரதாரர் பார்த்துக்கொள்வார். பெண்களின் உச்சநிலை அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று வந்ததே 2020இல்தான். ஆண்டுக்கு 15,000 யூரோ. பிறகு அது படிப்படியாக உயர்ந்தது. அடிமட்டத்தில் இருக்கும் கான்டினென்டல் அணிகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. இப்போதைய சைக்கிள்களில் ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் தண்டும் பெரும்பாலும் ஒரே துண்டாக வருகின்றன. கேபிள் எல்லாம் உள்ளே ஓடும். கழற்றி மாட்டுவது சின்ன வேலை இல்லை. சம்பளமே இல்லாமல் ஓட்டும் 20 வயதுப் பெண்ணுக்கு அந்த ரசீது பெரிய தொகை.

ஆகஸ்ட்டில் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் பார்க்கும்போது, குள்ளமான வீராங்கனைகளின் சைக்கிள்களை முன்பக்கத்திலிருந்து காட்டும் காட்சிக்குக் காத்திருங்கள். ஹேண்டில்பார் மேலே ஒடுங்கி, கீழே பாவாடைபோல் விரிந்திருந்தால், அது அந்த 40 செய்த வேலை.