ஃப்ளைட் 1 மணி நேரம்தான், உங்க பயணம் எத்தனை மணி நேரம்?

தருமபுரி மாவட்டத்துல விமான நிலையம் கிடையாது. நமக்குப் பக்கத்துல இருக்கறது ஓமலூர் கிட்ட, காமலாபுரத்துல உள்ள சேலம் விமான நிலையம். தருமபுரி டவுன்ல இருந்து ரோடு வழியா சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை, வான்வழியில சுமார் 265 கிலோமீட்டர். பறக்க ஏறக்குறைய 1 மணி நேரம். "பஸ்ல ராத்திரி முழுக்க உக்கார்றதுக்கு ஃப்ளைட்லயே போயிடலாமே"ன்னு சம்பளம் வாங்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் தோணும்.

டிக்கெட்ல இருக்கற நேரத்தை வெச்சு முடிவெடுக்காதீங்க. வீட்டு வாசல்ல இருந்து கணக்கு போடுங்க:

- தருமபுரி டு காமலாபுரம்: 1 மணி நேரம்
- செக்-இன், செக்யூரிட்டி, காத்திருப்பு: 1¼ மணி நேரம்
- பறக்கறது: 1 மணி நேரம்
- இறங்கி, பெட்டி எடுத்து, மீனம்பாக்கத்துல இருந்து சோழிங்கநல்லூர் போக: 1¼ மணி நேரம்

மொத்தம் 4½ மணி நேரம். பஸ்ல, சென்னை டிராஃபிக்கையும் சேர்த்து 7 மணி நேரம்னு வெச்சுக்குவோம். மிச்சமாகறது 2½ மணி நேரம்.

இப்ப அந்த நேரத்தோட விலையைப் பார்ப்போம். கைக்கு வர்ற சம்பளம் 40,000 ரூபாய், மாசம் 22 நாள், நாளைக்கு 9 மணி நேரம் வேலைன்னா, உங்க ஒரு மணி நேரம் சுமார் 200 ரூபாய். டாக்ஸியோட சேர்த்து ஃப்ளைட்டுக்கு பஸ்ஸை விட 2,500 ரூபாய் அதிகம் ஆகுதுன்னா, மிச்சமாகற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1,000 ரூபாய் கொடுக்கறீங்க. சம்பாதிக்கறதை விட 5 மடங்கு! அதுவும் நைட் பஸ்ல போறது தூங்கற நேரம், வேலை நேரம் இல்ல.

அவசரம், வயசான அப்பா அம்மா கூட வர்றாங்க, கம்பெனி காசு கொடுக்குது, சென்னையில அடுத்த ஃப்ளைட் பிடிக்கணும்... இதுக்கெல்லாம் தாராளமா பறக்கலாம்.

பெங்களூரு கணக்கு இன்னும் வேடிக்கை. அங்க ஏர்போர்ட் இருக்கறது ஊருக்கு வடக்க, தேவனஹள்ளியில. உங்க ஆபீஸ் தெற்க, எலக்ட்ரானிக் சிட்டியிலன்னா, ஆபீஸைத் தாண்டிப் பறந்து போய், மொத்த ஊரையும் குறுக்க கடந்து திரும்பி வரணும். தருமபுரியில இருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா நேரா போனா சுமார் 120 கிலோமீட்டர்தான்.

இதை நான் வெறும் டிக்கெட்டுக்காக மட்டும் சொல்லல. "ஏர்போர்ட் 20 நிமிஷம்"னு சொல்லி மனை விக்கறவங்க இருக்காங்க. சேலம் விமான சேவையோட வரலாறைக் கொஞ்சம் பாருங்க. உடான் திட்டத்துல 2018 மார்ச்சுல சென்னைக்கு ட்ரூஜெட் பறந்துச்சு. அப்புறம் சேவையே நின்னு போச்சு. மறுபடி விமானம் வந்தது 2023 அக்டோபர்ல. உடான்ல ஒரு வழித்தடத்துக்கு அரசு தர்ற நிதி உதவியே 3 வருஷத்துக்குத்தான். உங்க மனைக்கடன் இஎம்ஐ 15, 20 வருஷம் ஓடும். ஃப்ளைட் நின்னாலும் இஎம்ஐ நிக்காது.

அதனால ஏர்போர்ட்டை மனசுல இருந்து எடுத்துட்டு அந்த மனையைப் பாருங்க. ரோடு, தண்ணி, பட்டா, பக்கத்து மனை போன விலை, இதெல்லாம் சரியா இருக்கா? அப்பவும் அந்த விலை நியாயமா தெரிஞ்சா மட்டும் அட்வான்ஸ் கொடுங்க.