வயோலா என்னும் நடுக்குரல்

பிடிலை அறியாதார் நம்முள் இலர். அதன் உடன்பிறப்பாகிய வயோலாவையோ பெயரளவில் அறிந்தாரும் சிலரே. மேனாட்டுச் சங்கீதத்தைக் கேட்குங்கால், மேலே ஒலிக்கும் பிடிலையும் கீழே ஒலிக்கும் செல்லோவையும் நம் செவி பற்றிக்கொண்டு, இடையிலுள்ளதை விட்டுவிடுகின்றது. இது செவியின் குற்றமன்று; பழக்கத்தின் குற்றமே என்பது எமது துணிபு.

வயோலா பார்வைக்குச் சற்றுப் பருத்த பிடில் போலத் தோன்றும். அதன் நான்கு தந்திகளுள் மூன்று பிடிலுக்கும் பொதுவானவை. பிடிலின் உச்சத் தந்தி இதற்கில்லை. ஈடாகக் கீழே கனத்த தந்தியொன்று உண்டு. ஆகவே இதன் சுருதி பிடிலினும் ஸ-ப அளவு தாழ்ந்தது. அத்தாழ்வுக்கு ஏற்ப உடலும் வளர்வதாயின், பிடிலின் 14 அங்குலம் இங்கே 21 அங்குலமாதல் வேண்டும். தோளில் தாங்க இயலாமையால் 15 முதல் 17 அங்குலத்தளவில் அமைத்தனர். அதனாற்றான் அதன் குரல் சற்றே மங்கிக் கனிந்து ஒலிக்கின்றது. குறையே குணமாயிற்று.

நிற்க, இவ்வாத்தியம் நெடுங்காலம் இகழப்பட்டது. ஆற்றல் குறைந்தாரிடமே வயோலாவை ஒப்படைக்கும் வழக்கத்தை, ஜெர்மானிய வித்வான் குவான்ஸ் 1752-இல் வெளியிட்ட தம் நூலிற் குறிப்பிட்டுள்ளார். மோஸார்ட்டோ 1779-இல் பிடிலையும் வயோலாவையும் சரிநிகராக உரையாடவைத்து ஓர் அரிய கிருதி இயற்றினார்.

பாகனீனி தாம் வாசித்தற்கென வயோலாக் கிருதியொன்றைப் பெர்லியோஸிடம் வேண்டினார். எழுதியதைக் கண்டு, தமக்கு மௌனமான இடங்கள் மிகுதி என்று விலகினார். அக்கிருதி 1834-இல் அவரின்றியே அரங்கேறிற்று. 1838-இல் அதனைக் கேட்ட பாகனீனி, பலர்முன் பெர்லியோஸின் எதிரில் மண்டியிட்டு வணங்கினார். பின்னர் 20,000 பிராங்கும் அனுப்பினார்.

யாவரும் நடுவில் நின்றால் முன்செல்வார் யார் என்று சிலர் வினவலாம். முன்செல்ல விரும்புவார்க்கு எந்நாளும் பஞ்சமில்லை. இடைநின்று தாங்குவாரே அரியர். பிடில் இரண்டு, செல்லோ ஒன்று ஆகிய மூன்றும் கூடினும், வயோலா இன்றி நால்வர் குழு அமையாதன்றோ?

ஆதலின், தந்தி வாத்தியம் பயில விழையும் நம் மாணவருள் ஒருவரேனும் வயோலாவைக் கையிலெடுத்தல் வேண்டும். ஏனையோர் நால்வர் இசைத்தட்டு ஒன்றை மும்முறை கேட்பாராக; மூன்றாம் முறை அந்நடுக்குரலை மட்டுமே பின்தொடர்வாராக. அதன்பின் வயோலாவை இகழ அவர்க்கு மனம் வாராது.