நீரிழிவும் நமது கடமையும்

நங்கநல்லூர்த் தெருக்களில் விடியற்காலையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் கை வீசி வேகமாக நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் ஆஞ்சநேயரைத் தரிசிக்கச் செல்கிறவர்கள். பலர் வைத்தியரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து நடக்கிறவர்கள். நீரிழிவு வந்த பிறகு நடக்கத் தொடங்கியவர்கள் இவர்கள். வருவதற்கு முன்பே நடந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு நமது சென்னை நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2006-ஆம் வருஷத்திலேயே விடை கூறிவிட்டார்கள். அந்த விடை இன்னும் பொதுஜனங்களின் காதுக்கு எட்டவில்லை என்பதே நமது குறை.

நாளமில்லாச் சுரப்பிகளின் கோளாறால் விளையும் நோய்களில் நீரிழிவைப் போல் இத்தனை வீடுகளில் புகுந்தது வேறொன்றில்லை. கணையத்தில் ஊறும் இன்சுலின் குறைந்தாலும், ஊறியும் உடல் அதற்கு இணங்க மறுத்தாலும், உண்ட உணவின் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சத்தமின்றிக் கண்ணையும், சிறுநீரகத்தையும், இருதயத்தையும், காலையும் கெடுக்கிறது. தனக்கு நோய் இருப்பதை நோயாளியே அறியாமல் பல வருஷங்கள் கழிவது சர்வ சாதாரணம்.

இந்த நோயை ஆராய்வதில் சென்னை பின்தங்கியதாக யாரும் சொல்ல முடியாது. 1948-லேயே ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியில் இதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். அவர் இட்ட வித்து இன்று பல ஸ்தாபனங்களாகக் கிளைத்திருக்கிறது. இங்குள்ளவர்கள் எடுத்த கணக்குகளின்படி, நகரத்தின் வயது வந்தவர்களில் 1989-ல் நூற்றுக்கு 8.3 பேருக்கு இருந்த நீரிழிவு, 2004-க்குள் 14.3 பேருக்குப் பரவிவிட்டது. டாக்டர் வி. மோகனின் குழுவினர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் தேசம் முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்பது அதன் முடிவு.

வாசற்படியில் நிற்கும் இந்த ஜனங்களைப் பற்றியே நாம் முக்கியமாகப் பேச விரும்புகிறோம். டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் இத்தகைய 531 பேரைத் தேர்ந்து, சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளானார்கள். உணவைத் திருத்தி, தினந்தோறும் அரைமணி நேரமாவது நடக்கும்படி செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே நோயாளிகளானார்கள். மெட்பார்மின் மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள். அது நடையைவிட அதிகமாக ஒன்றும் சாதிக்கவில்லை. மாத்திரையும் நடையும் சேர்ந்தபோதும் பலன் கூடவில்லை. காசு செலவில்லாத இரண்டு கால்கள் செய்த வேலை இது!

அந்த ஆராய்ச்சி மற்றோர் உண்மையையும் உணர்த்திற்று. வாசற்படியில் நிற்கும் அமெரிக்கர்களில் வருஷத்துக்கு நூற்றுக்குச் சுமார் 11 பேர் நோயில் விழுந்தார்கள் என்றால், நம்மவர்களில் 18 பேர் விழுந்தார்கள். மேல்நாட்டாரைப் போல் பருத்த உடல் நமக்கு இல்லையே என்று நிம்மதி கொள்வது மடமை. மெலிந்த கை கால்களும் முன்தள்ளிய வயிறுமே நமக்கு அபாய அறிகுறி. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாதென்பது நம் தேசத்தாருக்கு உரிய அளவு. பிறர் அளவுகோலால் நம்மை அளந்தது போதும்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் சொல்லவில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நோயாளியின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டு சேர்ப்பது பாராட்டத் தக்கது. ஆனால் நோயாளியைத் தேடிச் செல்லும் கை, நாளைக்கு நோயாளியாகப் போகிறவனையும் அதே ஊக்கத்துடன் தேட வேண்டாமா? வயது, இடுப்பளவு, தேகப்பயிற்சி, பெற்றோருக்கு நோயிருந்ததா என்ற நான்கு விஷயங்களைக் கொண்டே அபாயத்தை மதிப்பிடும் முறையைச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் வகுத்துக் கொடுத்தார்கள். அதற்கு வேண்டிய கருவி ஒரு தையற்காரரின் நாடா. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது தினசரிக் காரியமாகட்டும். அபாயமுள்ளவருக்கு இரத்தப் பரிசோதனையும், அதன் பிறகு ஆலோசனையும் தடையின்றிக் கிடைக்கட்டும்.

நடக்கச் சொன்னால் மட்டும் போதாது. நடக்க இடம் வேண்டும். நடைபாதையில் வண்டிகளும், தோண்டிய பள்ளங்களும், கடைச் சாமான்களும் நிறைந்திருக்க, முதியவரை நடுரோட்டில் நடக்கச் சொல்வது வைத்தியமாகுமா? நகரசபையின் பொறியாளரும் இவ்விஷயத்தில் ஒரு வைத்தியரே என்பதை அவர் உணர வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது கலோரிகளில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறதென்று 2025-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. நியாய விலைக் கடையில் விலையின்றிக் கிடைக்கும் அரிசி ஏழையின் பசியைத் தீர்த்தது. அதைக் குறைக்கச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் அதே கடையில் பருப்பும் கடலையும் கேழ்வரகும் தாராளமாகக் கிடைக்கச் செய்வதில் என்ன தடை? தட்டில் சோறு சற்றுச் சுருங்கிப் பருப்பும் காய்கறியும் பெருகினால், அதுவே பாதி சிகிச்சை.

1921-ல் டொரான்டோவில் இன்சுலினைக் கண்டவர்கள், அதன் உரிமையைத் தலைக்கு ஒரே ஒரு டாலருக்குச் சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அறிவு அனைவருக்கும் சொந்தமென்பது அவர்கள் கொள்கை. நமது ஆராய்ச்சியோ சென்னையில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அயல்நாட்டுச் சஞ்சிகைகளில் போய்த் தங்கிவிடுகிறது. தன்னைச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்த ஏழைத் தமிழன் அதன் முடிவைத் தன் மொழியில் படிக்க முடியவில்லை. இது அநீதி. ஒவ்வோர் ஆராய்ச்சியின் முடிவையும் எளிய தமிழில் அச்சிட்டு வீடு வீடாக வழங்குவதைச் சர்க்காரும் ஸ்தாபனங்களும் கடமையாகக் கொள்ள வேண்டும். பொதுநலத் தொண்டர்களும் தங்கள் வட்டாரத்தில் ஒரு நாடாவுடன் கிளம்பட்டும். நங்கநல்லூரில் இன்று தாத்தாக்கள் நடக்கிறார்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் அவர்களுக்கு முன்னால் நடக்கட்டும்.